நான்காம் மேசையின் இடது பக்கம்

நூலின் முனை மட்டும் வெளியே தெரிந்தது.

உடற்கூறியல் கூடத்தின் நான்காம் மேசையில் குப்புறக் கிடந்த உடலின் இடது பிட்டத்தில், முழுசாக இருந்த தோலுக்கு நடுவிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நேற்று, மாணவர்களுக்குப் பாடம் காட்ட, அவள் தன் கையால் கட்டிய நூல். தோலைப் பிரித்து, பெரிய பிட்டத் தசையை வெட்டிப் புத்தக அட்டையைப்போல் புரட்டி, அடியில் விசிறியாய் விரிந்திருந்த நடுத்தசையில் அடையாள முடிச்சுப் போட்டிருந்தாள். இப்போது வெட்டிய தடமே இல்லை. யாரோ தைத்து மூடியதுபோல அல்ல, ஒருபோதும் திறக்காததுபோல இருந்தது. கையுறை விரலால் தடவினாள். நூலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உள்ளே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

வெட்டியிருக்கவே கூடாது. இந்த உடலின் வலது பக்கம்தான் மாணவர்களுக்கு. இடது பக்கத்தில் கத்தி படக்கூடாது. வெள்ளிக்கிழமை வரும் எலும்பு அறுவை மருத்துவர்கள் இடுப்பு மூட்டில் பயிற்சி எடுக்க ஒதுக்கியது. மல்லாந்து கிடந்த உடலைத் திங்கட்கிழமை குப்புறத் திருப்பினார்கள். அவள் நின்ற இடம் மாறவில்லை, எதிரே இருந்த பக்கம் மாறிவிட்டது. முடிச்சுப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஈரத்துணியைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய் இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

"என்ன மேடம், காலங்காத்தால நூலோட சண்டையா?" கூடத்தைப் பெருக்கும் அக்கா கேட்டாள்.

துறைத்தலைவர் கதவருகிலேயே நின்று கேட்டார். "நாலாவது டேபிள் லெஃப்ட்ல யாரும் கை வைக்கலையே?"

"இல்ல சார்."

அவர் போனதும் கத்தரிக்கோலால் நூலைத் தோலோடு ஒட்ட நறுக்கினாள். அதே நொடி, அவளுடைய இடது பிட்டத்தில் ஊசி போட்டதுபோல் சுருக்கென்றது. பயத்தில் உடம்பு என்னென்னவோ செய்யும் என்று தேற்றிக்கொண்டாள். தப்பித்தோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் இடது கால் அவளைத் தூக்க மறுத்தது. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. தள்ளினால் தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். கைப்பிடியைப் பற்றி வலது காலாலேயே ஒவ்வொரு படியாக ஏறினாள். சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழுந்தபோது அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, கிழவியாட்டம் முட்டியில கைய ஊனி எழுந்திரிக்கிற?"

"கால் மரத்துப்போச்சும்மா."

படி ஏறவும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவும் எந்தத் தசை வேண்டும் என்று நூறு பேருக்குப் பாடம் எடுத்தவள் அவள். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

புதன்கிழமை வகுப்பு நடுத்தசையைப் பற்றியது. அவள் பேச்சு முதல் வரிசையைத் தாண்டாது. பின்வரிசை அவளுக்கு 'ம்யூட்' என்று பெயர் வைத்திருந்தது. அதனால் முடிந்தவரை செய்துகாட்டிவிடுவாள். ஒற்றைக்கால் சோதனை எளியது: ஒரு காலில் நிற்க வேண்டும். நிற்கும் காலின் நடுத்தசை நன்றாக இருந்தால் இடுப்பு மட்டமாக இருக்கும். அது செத்திருந்தால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு சரியும்.

வலது காலில் நின்றாள். மட்டம். இடது காலில் நின்றாள். வலது இடுப்பு, பிடி விட்ட பை மாதிரிக் கீழே இறங்கியது.

கைதட்டல் எழுந்தது. "மேடம், செம ஆக்டிங்!"

"டேய், ம்யூட்டுக்குள்ள இவ்வளவு நடிப்பாடா?"

அவளும் சிரித்து வைத்தாள். மாணவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால் நான்காம் மேசையைப் பார்த்தாள். ஈரத்துணிக்கு அடியில் அதன் இடது பிட்டம் மெல்ல இறுகித் தளர்ந்தது.

வியாழக்கிழமை மதியம் தொடையின் பின்பக்கமும் தொளதொளக்கத் தொடங்கியது. முட்டியைப் பின்னால் மடக்கினால் பாதியில் நின்றது. மேலிருந்து கீழாக, பாடப்புத்தக வரிசையிலேயே போய்க்கொண்டிருந்தது. நாளைக்குக் கெண்டைக்கால். நாளை மறுநாள் பாதம். யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? கழிப்பறைக் கண்ணாடி முன்னால் சுவரைப் பிடித்தபடி நின்று அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அவளுக்கு அது புதுசு.

ஐந்து மணிக்குக் கூடம் காலியானது.

"நான் டீ குடிச்சிட்டு வந்து பூட்டிர்றேன் மேடம். இருக்கீங்களான்னு கேப்பேன், சத்தமா குரல் குடுங்க. உங்க குரல் உங்களுக்கே கேக்காது."

அக்காவின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மாலை வெயில் உயரத்து ஜன்னல்களில் அழுக்கு மஞ்சளாகப் படிந்திருந்தது. ஃபார்மலின் கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, வேர்வை வாடை. இந்தக் கூடத்தில் யாருக்கும் வேர்க்கக் கூடாது.

துணியை விலக்கினாள். கத்தியில் புது அலகைப் பொருத்தினாள்.

"உங்கள வெட்டினது என் தப்புதான்," என்றாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. "மன்னிப்பு கேட்டுக்கறேன். நாளைக்கு சார்கிட்டயும் சொல்லிடறேன், வேலை போனா போகட்டும். ஆனா கால் என்னோடது. தர மாட்டேன்."

வெட்டினாள்.

தோல் குளிர்ந்திருந்தது. உள்ளே வெதுவெதுப்பு. மூன்று வருடமாக அவள் அறுத்த தசையெல்லாம் வேகவைத்த பழுப்பு நிறம்தான். இது சிவப்பு. வெட்டுவாயில் சிவப்பு ஊறி, திரண்டு, மேசையில் சொட்டியது. ஒவ்வொரு இழையும் அறுபட அறுபட, அவளுடைய இடது பிட்டத்தில் பலம் ஊறி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய தசையை முழுக்க அறுத்துப் புரட்டினாள். இடது கால் நன்றாக ஊன்றியது. பெரிய தசை திரும்பக் கிடைத்துவிட்டது.

அடியில் நடுத்தசை. அதன்மேல் சிவப்பு முடிச்சு.

அலகை வைத்தாள். தசை சுருங்கியது. கவ்வியது. இழுத்தாள். விடவில்லை. இன்னும் இழுத்தாள். டிக்கென்று அலகு ஒடிந்தது.

பின்வாங்கினாள்.

மேசை விளிம்பில் ஒரு கை ஊன்றியது. பிறகு இன்னொன்று. கால்கள் தரைக்கு இறங்கின. முட்டியில் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக, அது எழுந்தது. பெரிய தசை இல்லாதவர்கள் அப்படித்தான் எழுவார்கள்.

திரும்பியது.

தலை முழுக்கச் சுற்றிய ஈரத்துணி. இத்தனை நாளில் அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. வெட்டிய தசை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஓர் அடிகூட அவளை நோக்கி வரவில்லை. வலது பாதத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கியது.

இடது காலில் நின்றது. இடுப்பு மட்டம்.

காத்திருந்தது.

அவளுக்குப் புரிந்தது. நடுத்தசை ஒன்றுதான், இடுப்பு சரியாமல் கடைசிவரை நிற்பவருக்கே அது. கதவு பத்தடி தூரத்தில். ஓடலாம், ஆனால் இடுப்பு சரிந்தபடி நொண்டி ஓட வேண்டும், இனி எப்போதும்.

ஒடிந்த கத்தியைக் கீழே போட்டாள். அதன் முகத்துணியை நேராகப் பார்த்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள்.

இடது தொடை நடுங்கியது. இடுப்பு ஒரு நூல் இறங்கியது. "மாட்டேன்," என்றாள். ஏறியது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். "மேடம்? இருக்கீங்களா?"

வாயைத் திறந்தால் மூச்சு கலையும். மூச்சு கலைந்தால் இடுப்பு சரியும்.

"மேடம்?"

வெளியே சுவிட்சுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. முதல் வரிசை விளக்கு. இரண்டாவது. மூன்றாவது. பூட்டில் சாவி திரும்பியது. செருப்புச் சத்தம் தூரப் போனது.

ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் எதிரே ஈரத்துணி வாய் இருக்கும் இடத்தில் உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது, அவள் மூச்சுப் போகும் அதே வேகத்தில்.

இரண்டு இடுப்பும் மட்டமாக இருந்தன.