எழுபதைத் தொடும் முள்

சினமானியின் முள் நாற்பத்தைந்தில் நின்றது. எழுபதைத் தொட்டால் வாசலில் நிற்கும் அமைதி வண்டி தானாகக் கிளம்பி வந்து, கூடத்திலிருக்கும் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போகும். மூன்று மாதம் உள்ளே. அரசியல் வன்முறையியல் துறையில் இமெல்டாவுக்கு முந்தைய மாணவர்கள் இருவர் முதுகலைப் பட்டத்துக்குப் பதிலாகக் கைதி எண் வாங்கியது இந்த வாய்மொழித் தேர்வில்தான்.

எதிரே புறத்தேர்வாளர் மாசிலாமணி. மூச்சின் வெப்பத்தையும் குரலின் நடுக்கத்தையும் வைத்துக் கலவரத்தை முன்கூட்டியே சொல்லும் சினமானியைக் கண்டுபிடித்தவர். அதனால் கலவரம் கூடியதே தவிரக் குறையவில்லை என்றது இமெல்டாவின் ஆய்வேடு. இப்படியோர் ஆய்வேட்டுக்கு இப்படியோர் ஆளைப் போடுவதில் மட்டும் பல்கலைக்கழகங்கள் தவறுவதே இல்லை.

"முள் ஏறின ஊர்ல எல்லாம் வண்டி வந்த பிறகுதான் சார் கல்லெறி நடந்திருக்கு. வண்டி பஞ்சராகி நின்ன ஊருக்கு ஒரு தாசில்தார் பஸ் பிடிச்சுப் போயி, ஜனங்க சொன்னதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தாரு. முள் தன்னால இறங்கிருச்சு" என்றாள் இமெல்டா.

"ஒரு தாசில்தாரை வெச்சு ஒரு கோட்பாடாம்மா? இது ஆய்வா, துணுக்கா?" மாசிலாமணி மேசையைத் தட்டினார். ஐம்பத்தெட்டு.

நெறியாளர் கோமதிநாயகம் அவள் காதோரம் குனிந்தார். "ஏளா, திருத்தி எழுதுதேன்னு சொல்லிட்டு வெளிய வந்துரு. எம் மவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

இமெல்டாவின் கால்கள் அதற்கு எப்போதோ சம்மதித்துவிட்டன. வாய்தான் கேட்கவில்லை. "திருத்த ஒண்ணுமில்ல சார்."

"என் வாழ்க்கையையே கொடுத்திருக்கேன்மா இதுக்கு!" மாசிலாமணி எழுந்தேவிட்டார். அறுபத்தொன்பது. வாசலில் வண்டி உறுமியது.

எழுதியது உண்மையென்றால் இப்போது பலிக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம். இமெல்டா நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க சார். கேக்கேன்."

அவர் சொன்னார். வண்டி தன் யோசனையே இல்லை, அமைச்சர்தான் அதைக் கருவியோடு சேர்த்து மாட்டிவிட்டது என்றார். தெருவில் அவர் வந்தால் கதவுகள் சாத்தப்படுகின்றனவாம். பேத்திகூட அவர் எதிரில் மூச்சை அடக்கிக்கொள்கிறாளாம். இமெல்டா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முள் மெல்ல இறங்கிப் பன்னிரண்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துவிட்டு முள்ளை மறுபடி பார்த்தார். "என் கருவி பொய் சொல்லாதும்மா. பாஸ்."

கைதட்டல் ஓயும் முன்பே கோமதிநாயகம் தேர்வாளருக்கு வைத்திருந்த வடைகளைக் காலிசெய்திருந்தார்.

அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. முள் எழுபதைத் தொட்டால் இனி வண்டி கிடையாது. கேட்பு அலுவலர் ஒரு நாற்காலியோடு வருவார், குறை தீரும்வரை போகமாட்டார். ஜனங்கள் சும்மாவா? தண்ணீர் வராத தெருக்கள் காலையிலேயே சினமானி முன் கூடி, ஒழுங்காகக் கோபப்படப் பழகின. குழாய்களில் தண்ணீர் வந்தது. ஒரு கல்கூடப் பறக்கவில்லை.

ஒருநாள் முதன்மைக் கேட்பு அலுவலர் இமெல்டாவுக்குத் தலைமைச் செயலகத்திலிருந்து அழைப்பு. அமைச்சரேதான்.

"எல்லார் சொல்றதையும் நானே கேட்டுட்டு இருந்தா, நான் சொல்றதை யாரும்மா கேக்குறது? இங்க முள் எண்பது காட்டுது!"

"எண்பதுதானே சார்? இங்க கீழத்தெரு சாக்கடை எண்பத்திரண்டு. முடிச்சுட்டு வாரேன்."