நீலச் சுடரின் இழுப்பு

வால்வை மூடிய பிறகும் சுடர் அணையவில்லை.

இளங்கோவன் குமிழை இன்னொரு முறை திருகிப் பார்த்தார். இறுக மூடித்தான் இருந்தது. பழைய பெயின்ட் டின்னுக்குள் தீக்களிமண் பூசி அவரே செய்த சின்ன உலை அது. அதன் பக்கவாட்டில் செருகியிருந்த இரும்புக் குழாயின் வாயில் நீலச் சுடர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டதுபோல் பின்வாங்கி, குழாய்க்குள் போய் மறைந்தது.

'டியூபில் தங்கியிருந்த கேஸ்' என்று சொல்லிக்கொண்டார். இதற்கெல்லாம் யோசிப்பவன் முட்டாள்.

அவர் கணக்கில் முட்டாள்கள் நிறையப் பேர். முதலில், அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தின் கமிட்டி. கேஸ் ஓர் ஊசித்துளை வழியாகச் சீறிப் பாயும்போது, குழாயின் பின்பக்கத் திறப்பு வழியாக வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும், மின்விசிறி கூடாது என்பதுதான் அவருடைய பர்னரின் சூட்சுமம். மீசை சரியாக முளைக்காத டாக்டர் பட்டக்காரர்கள் வரைபடத்தைப் புரட்டிவிட்டு, "ஒர்க் ஆகாது சார்" என்று சொல்லி டீ குடிக்கப் போனார்கள். மறுவாரமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். அடுத்த முட்டாள், ராணிகஞ்ச் இரும்புக் கடைத்தெருவில் குழாய் வெட்டிக் கொடுத்தபோது, "கைக்கு சாப், எதுக்கு இதெல்லாம்? ரெடிமேடே கிடைக்குதே" என்று கேட்ட கடைக்காரன். அதற்கடுத்து, அவர் குடியிருக்கும் தார்நாகாவின் இந்தத் தெருவில் வாக்கிங் போகிறவர்கள் அத்தனை பேரும். கடைசியாக, எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டும் பாமா. இத்தனை வருடம் கூட இருந்தும், தன் புருஷன் என்ன கண்டுபிடித்தான் என்று ஒரு நாளும் கேட்காதவள்.

பர்னர் வேலை செய்தது. அதுதான் முக்கியம். ஓட்டை குக்கரின் துண்டுகள் முதல் நாளே பாதரசம்போல் உருகிப் பளபளத்தன. கொல்லைப்புறத்தில் தனியாக நின்றுகொண்டு அவர் கமிட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த முறை, வால்வை மூடிய பிறகும் சுடர் அவர் காபி குடித்து முடிக்கும்வரை நின்று எரிந்தது. அதற்கடுத்த முறை அவர் கேஸ் டியூபையே கழற்றினார். சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் வாசல் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஒன்றோடும் இணைக்கப்படாத அந்தக் குழாயின் வாயில் சுடர் முன்பைவிடத் தெளிவாக, மஞ்சள் துளிகூடக் கலக்காத நீலமாக எரிந்துகொண்டிருந்தது. முன்பிருந்த இரைச்சல் இல்லை. அந்த இடத்தில் மெல்லிய, ஒரே சீரான ஓர் ஓசை இருந்தது. தூக்கத்தில் ஒருவர் மூச்சை உள்ளே இழுப்பதுபோல. இழுத்துக்கொண்டே இருப்பதுபோல.

குழாயின் பின்பக்கத் திறப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தோலைக் கவ்விப் பிடித்தது. பிய்த்து எடுத்தபோது உள்ளங்கை நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது.

"ஏங்க," பாமா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். "மூச்சு முட்டுதுங்க. ரெண்டு மூணு நாளாவே."

"ஜன்னலைத் திற."

"திறந்துதாங்க இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று: முட்டி வலி, தலைசுற்றல், இப்போது மூச்சு.

அன்று மாலை மேகம் கவிந்து, விளக்கு வைக்கும் நேரத்திலேயே இருட்டிவிட்டது. கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டு லூர்துமேரி வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இலக்கணப் பிழை தவிர உலகத்தில் எதையும் பார்க்கத் தெரியாத ஜாதி என்பது அவளைப் பற்றி இளங்கோவனின் எண்ணம்.

"சார், கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டு கர்ட்டன் எல்லாம் உங்க கொல்லைப்பக்கமே சாயுது. பகல் பூரா."

"காத்தடிச்சா சாயும் டீச்சர். அதுக்குப் பேருதான் காத்து."

"காத்தே இல்ல சார். வேப்பமரத்துல ஒரு இலை ஆடல, பாருங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் பாமாவைப் பார்த்தேன். உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆட்டோ நிக்குது. அந்த மிஷினும் நக்கோ சார், வேணவே வேணாம், அதை முதல்ல தூக்கிப் போடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "தெர்மோடைனமிக்ஸ் எப்ப படிச்சீங்க டீச்சர்? ரிட்டயர் ஆன பிறகா?"

லூர்துமேரி அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பாமா நின்றிருந்தாள். கையில் பர்ஸ். காலில் செருப்பு.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் இளங்கோவன். "தெருவுக்கே தமாஷ் காட்டவா?"

பாமா டீச்சரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாய் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. குனிந்து, ஒவ்வொன்றாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

"சார்..."

அவர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் எந்தச் சத்தமும் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. கொல்லையிலிருந்து, அடுக்களையைத் தாண்டி, கூடத்தின் தரையோடு தரையாக ஊர்ந்து வரும் அந்த ஒரே சீரான இழுப்பு.

கூடத்தைக் கடக்கும்போது சுவர்க் காலண்டரின் தாள்கள் கொல்லைப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கொசுவத்திச் சுருளின் புகை மேலே எழவில்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், நூல் பிடித்ததுபோல் நேராக, கொல்லைக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெறும் அழுத்த வேறுபாடு. கல்லூரி முதல் வருடப் பாடம். அவருடைய கால்கள் மட்டும் ஏனோ மெதுவாக நடந்தன. பின்னங்கழுத்தில் வியர்வை. அதுவும் முன்பக்கமாக வழிந்தது.

கொல்லை முழுக்க நீல வெளிச்சம். ஈரத்துணி, துவைக்கிற கல், துளசித்தொட்டி எல்லாவற்றின் மேலும் பிணத்தின் நிறம். உலைக்குள் உருக்க எதுவும் இல்லை. சுடர் சும்மா எரிந்தது. நன்றாக எரிந்தது.

வீடு கட்டி மிஞ்சிய மணல் மூலையில் குவிந்திருந்தது. ஒரு வாளி அள்ளி, குழாயின் பின்பக்கத் திறப்பில் கொட்டினார். அடைத்துவிட்டால் தீர்ந்தது. எந்தச் சுடரும் காற்றில்லாமல் எரியாது. மணல் உள்ளே போயிற்று. முன்பக்கம் வரவில்லை. இன்னொரு வாளி. அதுவும் போயிற்று. முழங்கை நீளம்கூட இல்லாத குழாய் அது. வாளி வாளியாகக் கொட்டினார். குவியல் கரைந்து, அடியிலிருந்த ஈரத்தரை தெரிந்தது. குழாய் நிறையவில்லை. சுடர் ஒரு முறைகூட நடுங்கவில்லை.

வாளி கையிலிருந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதையும் அந்த ஓசை இழுத்துக்கொண்டது.

"பாமா!"

முதல் தடவையாக அவர் குரலில் அதட்டல் இல்லை.

உள்ளே ஓடினார். எதிரே வந்த காற்று மார்பில் மோதியது. வெதுவெதுப்பான காற்று. ஈரமானது. யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவதுபோல. அடுக்களையிலிருந்து வரவில்லை. கூடத்திலிருந்தும் இல்லை. படுக்கையறையிலிருந்து.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கொல்லையைப் பார்த்து. நேராக நிமிர்ந்து. வாய் திறந்திருந்தது.

மூச்சு வெளியே வந்துகொண்டிருந்தது.

அவர் காத்திருந்தார். அது முடியும், பிறகு நெஞ்சு மேலே எழும் என்று. எழவில்லை. வெளியே வந்துகொண்டே இருந்தது. நெஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. ரவிக்கைக்குள் விலா எலும்புகள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. கன்னங்கள் ஒட்டின. கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அவரைப் பார்த்தன. அவற்றில் பயம் இல்லை. கோபமும் இல்லை. காலில் ஒட்டிய எதையோ பார்க்கும் பார்வை.

அவளைத் தூக்கக் கையை நீட்டினார். தோளைத் தொட்டார். காகிதப்பை அளவுக்குத்தான் கனம் இருந்தது.

டீச்சரைக் கூப்பிட வேண்டும். கத்த வேண்டும். வாயைத் திறந்தார்.

மூச்சு வெளியே போயிற்று. சத்தமில்லாமல், வெதுவெதுப்பாக, நிற்காமல். மூட முயன்றார். தாடை அசையவில்லை. உள்ளே இழுக்க முயன்றார். இழுக்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே திசையில் போயிற்று. முகம் தானாகக் கொல்லைப்பக்கம் திரும்பியது.

கட்டிலில் அவளும், பக்கத்தில் அவரும். இருவர் வாயும் திறந்து. கதவுக்கு அப்பால், காற்றே இல்லாத மாலையில், சுடர் உலையைத் தாண்டி, மதிலைத் தாண்டி, வேப்பமரத்தின் உயரத்துக்கு நீலமாக, நேராக எழுந்தது.