எம்மெட்டின் புகை

அந்தச் சனிக்கிழமை நாட்டுத் துப்பாக்கிக் கிளப்பின் சுடுவரிசையில் நின்றவர்கள் நான்கு பேர். வரிசைக்குப் பொறுப்பாளர் வெண்டெல் ஸ்டாம்பர். அவர் மனைவி லோரீன், புருஷனைவிட நன்றாகச் சுடுபவள். இடது காது செத்துப்போன ஹோபர்ட். கடைசி மேசையில், இருபத்தாறு வருடம் பட்டாளத்தில் கழித்துவிட்டு வந்த எம்மெட் ஸ்கேக்ஸ்.

நால்வரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். மூன்று பேரின் புகை காற்றோடு ஓடைப்பக்கம் நகர்ந்து மரங்களுக்குள் போய்விட்டது. எம்மெட்டின் புகை போகவில்லை.

பத்தடி தள்ளி, ஈரப்புல்லின் மேல், ஆள் உயரத்துக்கு நின்றது. அழுகிய முட்டையும் தீய்ந்த துணியும் கலந்த கருமருந்து வாசனை மூக்கில் ஏற, மேப்பிள் இலைகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதைக் கேட்டபடி, அது கலையட்டும் என்று அவர் காத்திருந்தார். இலைகள் அசைந்தன. புகை அசையவில்லை.

இந்தப் புகைக்காகத்தான் அவர் துப்பாக்கிக்கே திரும்பி வந்தது. பட்டாளத்துத் துப்பாக்கியில் புகை கிடையாது. விசையை அழுத்திய நொடியே எதைச் சுட்டோம் என்று தெரிந்துவிடும். ஒரு பாலைவன ஊரின் சோதனைச் சாவடியில், நில் என்று கத்தியும் நிற்காமல் நடந்து வந்த ஒருவன் வலது கையைத் தூக்கினான். பொறு என்பதுபோல. எம்மெட் சுட்டார். அவன் முழங்கால் மடிந்தது, வாய் திறந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பட்டாளத்தை விட்டபின் பதினாலு வருடம் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. தூக்கமும் சரியாக வரவில்லை.

நாட்டுத் துப்பாக்கி அப்படியல்ல. சுட்டதும் ஒரு வெள்ளைத்திரை விழுந்துவிடும். அது விலகும்போது ஓட்டை விழுந்த காகிதம் மட்டும் இருக்கும். காலையில் கிளம்பும்போது மனைவி நடீனிடம் சொல்லியிருந்தார்: “ஒரே ஒரு மத்தியானம், ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியாம சுட்டுட்டு வந்துட்டா போதும். அப்புறம் தூங்கிடுவேன்.”

“கெழவா, கனவு காண்றியா? மருந்தப் போடு!” வெண்டெல் கத்தினார்.

எம்மெட் குழலுக்குள் மருந்து போட்டார், எண்ணெய்த்துணியில் ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கினார். தோள் வலித்தது. சுட்டார். புதிய புகை போய்ப் பழைய புகையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அதற்குத் தோள்கள் இருந்தன.

“லோரீன், அந்தப் புகையப் பாத்தியா?”

“எந்தப் புகை? எல்லாம் எப்பவோ போயிடுச்சே. கண்ணாடிய மாத்துய்யா மொதல்ல.”

அவர் மறுபடி துப்பாக்கியை நிமிர்த்தினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண் புகையிலேயே இருந்தது. குண்டை இறக்கினார், மருந்துக்குப் பொறி தரும் சின்னக் கேப்பு ஒன்றைப் பொருத்தினார், விசையை அழுத்தினார்.

டப். அவ்வளவுதான். கேப்பு மட்டும் வெடித்தது.

“அப்படியே புடி! ஒரு நிமிஷம்!” வெண்டெலின் குரலில் சிரிப்பில்லை. உள்ளே மருந்து கனன்றுகொண்டிருந்தால் தாமதித்து வெடிக்கும். ஒரு நிமிடம் முழுக்கக் குழலை இலக்குப்பக்கமே நீட்டிப் பிடிக்க வேண்டும். நகரக்கூடாது.

எம்மெட் நகரவில்லை.

புகை நகர்ந்தது. காற்று வலமிருந்து இடமாக அடித்தது. புகையோ நேராக அவரை நோக்கி வந்தது. எட்டடி. ஆறடி. புல்லில் சலசலப்பு இல்லை. நான்கடி. அதன் வலப்பக்கம் மெல்ல மேலெழுந்தது. கை. விரல்கள் விரிந்தன. குழல்வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கை.

அவருக்குப் பயத்தைவிட அலுப்புதான் முதலில் வந்தது. ‘இங்கேயுமா?’

“நிமிஷம் முடிஞ்சுது!” வெண்டெல் வந்து கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். “மருந்தே போடலடா! வெறுங்குண்டு! ஹோபர்ட், இங்க வா, பட்டாளத்துக்காரன் வெறுங்குண்டு எறக்கிட்டான்!”

“என்னது? வெண்டைக்காயா?” என்றார் ஹோபர்ட்.

வெறுங்குண்டு இறக்கியவர் மேட்டின் மேலிருக்கும் கிளப் குடிசைக்குப் போய் எல்லாருக்கும் காபி கொண்டுவர வேண்டும். சிக்கிய குண்டைப் பிடுங்கும் திருகாணியும் அங்கேதான். அந்தக் கிளப்பில் அதுதான் தண்டனை.

“எனக்குக் கருப்பா வேணும், உன் பல்லு மாதிரி,” என்றாள் லோரீன்.

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அவர் மேட்டில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அதைச் சாத்தவில்லை. கணப்பு லேசாகக் கனன்றது. ஈரக் கம்பளி வாசனை. காபிப் பானை சூடாக இருந்தது.

ஜன்னலில் பார்த்தார். திடல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. புல், பலகைகள், காகிதங்கள். யாரும் இல்லை.

யாருமே இல்லை.

கண்ணில் நீர் கோத்தது. நான்கு குவளைகளை எடுத்து வைத்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

கீழே லோரீன் குடிசையை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. வெண்டெலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இப்போது மூன்று பேரும் பார்த்தார்கள். வெண்டெல் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார், எதையோ கத்திக்கொண்டு. லோரீன் கையை நீட்டிக் காட்டினாள்.

ஜன்னலை அல்ல. அவரை அல்ல. வாசலை.

அறைக்குள் கருமருந்து நெடி ஏறியது.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள், உள்பக்கமாக, நிதானமாக விழுந்தது.