நான்காவது டிஸ்க்

சனிக்கிழமை காலை பல் டாக்டர் குளியலறைக்குள் போனபோது, கம்பியில் துண்டு மூன்றாக மடித்துப் போடப்பட்டிருந்தது.

அவர் துண்டை மடிக்கிற ஆள் இல்லை. கம்பியைப் பார்த்து வீசுவார், கீழே விழாமல் இருந்தால் சரி. எட்டு வயது மகளோ துண்டைத் தரையிலேயே விட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஓரங்கள் உள்ளே போகும்படி மூன்றாக மடித்து, மேலே உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிடுவது இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டுமே இருந்த பழக்கம். அவள் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது.

"வாலு, துண்டை நீயா மடிச்சே?"

"எந்தத் துண்டு?" என்றாள் மகள், வாயில் பிரஷ்ஷோடு. மேல் வரிசையில் முன்பல் ஒன்று போன வாரம்தான் விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக நுரை ஒழுகியது.

பிள்ளைக்குப் பொறுப்பு வருகிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்து முடிப்பதற்குள் மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறையில் பெட்டி மறுபடி 'பீப்' என்றது. நேற்று மாலையிலிருந்து அது இப்படித்தான் நச்சரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டி போன மாதம் வந்தது. அவர் மனைவி பிறமொழிப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை எழுதிக்கொண்டிருந்தவள். வேலைக்காகச் சேர்க்க ஆரம்பித்து, பிறகு பைத்தியமாகவே சேர்த்த படங்கள் நாலாயிரத்துக்கும் மேல். அலமாரி முழுக்கக் குறுந்தகடுகள், செருப்பு அட்டைப்பெட்டிகளில் பென் டிரைவ்கள், பழைய காலுறைகளுக்குள் சுருட்டி வைத்த ஹார்ட் டிஸ்க்குகள். வேலைக்கு நடுவே தன் குரலையும் அவள் அங்கங்கே பதிந்து வைப்பாள். வரி சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பேசியது, சும்மா சிரித்தது, மகளைத் திட்டியது. எதற்கும் பெயர் கிடையாது. எந்தப் படத்துக்குப் பின்னால் அவள் ஒளிந்திருக்கிறாள் என்று தெரியாததால், அவருக்கு ஒரு தகட்டைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரமாகப் போட்டு வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அதற்கு ஆள் குடும்பத்திலேயே இருந்தான். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனன்.

சொன்னால் சொன்ன நேரத்துக்கு வராத மைத்துனன், அன்று காபி ஆறுவதற்குள் புது டிஸ்க்கோடு வந்துவிட்டான். படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தான். ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு ட்ரே. ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு டிஸ்க், ஒரு குட்டி விளக்கு, அவன் கையாலேயே எழுதி ஒட்டிய ஸ்டிக்கர்: அக்கா, அத்தான், வாலு, நான். வாலு அதோடு விடாமல் தன் டிஸ்க்கின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் சுருண்ட வால் ஒன்றை வரைந்திருந்தாள்.

மேலே இருந்த 'அக்கா'வின் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன் அத்தான். அக்கா யூஸ் பண்ணின டிஸ்க், அதுவும் இருக்கணும்னு அடம் பிடிச்சீங்க. பழைய சரக்கு, புட்டுக்கிச்சு."

"அப்ப நேத்து நாங்க பார்த்த படம்? அது முழுசா ஓடிச்சே."

"ஓடும். இந்தப் பெட்டியோட சூட்சுமமே அதான். ஒண்ணு செத்துட்டா மத்த மூணும் கணக்குப் போட்டுப் பார்த்து, செத்தது என்ன சொல்லியிருக்குமோ அதை அப்படியே சொல்லிடும். நீங்க நேத்து பார்த்தது அக்கா டிஸ்க் இல்ல. மூணும் சேர்ந்து அக்கா மாதிரி நடிச்சுது." சிரித்தான். பிறகு யாரைப் பற்றிச் சொன்னோம் என்று உறைத்தது போல, ஸ்குரூவைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

"புதுசு போட்டா?"

"நடிப்பெல்லாம் முடிஞ்சுது. மூணையும் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் படிச்சு, நாலாவதை நிஜமாவே எழுதிடும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும். ஆனா மூணுக்கும் பெரிய பாடு அத்தான். முக்கித் தள்ளணும். நடுவுல இன்னொண்ணு போச்சுன்னா மொத்தமும் காலி."

"ஏதாவது ஆச்சுன்னா எப்படி நிறுத்துறது?"

"புதுசை மட்டும் உருவுங்க. பழையபடி நடிப்புக்குப் போயிடும். கரண்ட்டைப் பிடுங்கவே பிடுங்காதீங்க, எழுத்து பாதியில நின்னா மூணும் குழம்பிப் போயிடும். அப்புறம், எழுதும்போது நாலு விளக்கும் ஒரே மாதிரிதான் துடிக்கும். ஸ்டிக்கரைப் பார்த்து உருவுங்க. பல்லை மாத்திப் பிடுங்கினா பொய்ப்பல்லாவது கட்டலாம். இதுல ஒண்ணும் பண்ண முடியாது."

"இருபது வருஷத்துல ஒரு பல்லைக்கூட நான் மாத்திப் பிடுங்கினதில்ல, மச்சான்."

"அந்தத் தைரியத்துலதான் எங்க அக்காவையே குடுத்தோம்" என்று மைத்துனன் எழுந்தான். புது டிஸ்க் மேல் ட்ரேக்குள் வழுக்கிக்கொண்டு போய் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. நான்கு விளக்குகளும் பச்சையாகத் துடிக்கத் தொடங்கின. பெட்டிக்குள்ளிருந்து பல் கடிப்பது போன்ற சன்னமான அரவை கிளம்பி, படிக்கட்டுப் பலகை வழியாக வீடு முழுக்கப் பரவியது.

அன்று மத்தியானம் அப்பாவும் மகளும் சோபாவில் படம் பார்த்தார்கள். பெட்டியின் சூடு கூடம் வரைக்கும் வந்தது. சூடான பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, எலுமிச்சை மாதிரி. அவள் தூங்கப் போவதற்கு முன் கைகளில் தடவிக்கொள்ளும் கிரீம் அது. வெளியில் எங்கிருந்தோ வருகிறது என்று ஜன்னலை மூடினார். மூடிய பிறகு வாசனை கூடியது.

டக்.

திரையில் ஒருவன் பேச வாயெடுத்த அதே கணத்தில், வாலுவின் விரல் சோபாக் கையில் தட்டியது. அடுத்தவள் பேசினாள். டக். ஒவ்வொரு வசனமும் தொடங்கும் இடத்தில், இம்மி பிசகாமல். வரி விழ வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ள அவர் மனைவி அப்படித்தான் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில்தான் அவர் தூங்கினார். பத்து மாதமாகச் சரியாகத் தூங்காததற்கு அது இல்லாததும் ஒரு காரணம்.

"அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்க" என்றாள் வாலு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போடுப்பா என்பாள் எப்போதும். போடுங்க என்று சொல்ல மாட்டாள்.

பயந்திருக்க வேண்டும். அவர் பயப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த டக் டக்கைக் கேட்டபடி, மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு பட்டப்பகலில் அசந்து தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மழையோடு விடிந்தது. போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்தார். புது டிஸ்க்கின் எழுத்து எழுபது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, ஊரிலிருந்து வருகிறவர்களின் ரயில் பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று கேட்டதுபோல.

காலை உணவு முடிந்ததும் வாலு வந்து நின்றாள். "பெட்டியில ஸ்டிக்கர் எல்லாம் சூட்டுல உதிர்ந்து கிடந்துச்சு. ஒட்டிட்டேன்."

"சமர்த்து" என்றார். அவர் கவனம் அவள் கையில் இருந்தது. வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான். அதை நினைத்தபோதே, தன் காபி டம்ளரும் இடது கையில் இருப்பதைப் பார்த்தார். வலது கைக்கு மாற்றினார். அந்தக் கையில் டம்ளர் பழக்கமில்லாததுபோலச் சாய்ந்தது.

மைத்துனன் போன் செய்தான். "எவ்வளவு ஆச்சு அத்தான்?" என்றவன், தொண்டையைச் சின்னதாக இரண்டு தடவை செருமிவிட்டு, "கண்ணாடியைத் துடைங்க முதல்ல. தூசியோட உலகத்தைப் பார்க்காதீங்க" என்றான்.

பத்து மாதத்துக்கு முன்புவரை தினமும் காலையில் அவள் வாயிலிருந்து கேட்ட அதே செருமல், அதே வார்த்தைகள். அவர் மூக்குக் கண்ணாடியில் தூசி இருந்தது.

 மறுமுனையில் மைத்துனன் மெதுவாகக் கேட்டான். "இப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"தலை என்னமோ காலியா இருக்கு அத்தான். கடைச் சாவியை எங்க வைப்பேன்னே தெரியல. படுத்துக்கிறேன்."

மத்தியானத்துக்குப் பிறகு வீடு நிசப்தமானது. வாலு இருக்கிற வீட்டில் அமைதி என்பதே கிடையாது. படியில் கடைசி மூன்றைத் தாண்டிக் குதிப்பாள், குழாயைத் திறந்துவிட்டுப் பாடுவாள், பல் விழுந்ததிலிருந்து 'ச' வருகிற வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து விசிலடிப்பாள். சனியன், சட்டை, சாம்பார் என்று நாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்தவள். இப்போது ஜன்னலோரம் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூக்காலேயே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை வாசனை தொண்டையில் கசந்தது. பெட்டியின் அரவை இப்போது தரையிலிருந்து அவர் குதிகால் வழியாக ஏறித் தாடையில் வந்து நின்றது.

"என்னடா குட்டி, சும்மா உட்கார்ந்திருக்கே?"

"சும்மாதான். சாரல் நல்லா இருக்கு."

சும்மா. சாரல். விசில் வரவில்லை.

"வாயைத் திற."

"எதுக்குங்க?"

"திற."

போன் வெளிச்சத்தைப் பிடித்தார். மேல் வரிசை. ஓட்டை இருக்க வேண்டிய இடம். அங்கே பல் இருந்தது. அந்தச் சின்ன ஈறுக்குள் அடங்காத, முழு வளர்ந்த, பெரிய மனுஷியின் பல். அதன் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் ஒரு சாயல் மஞ்சளாக இருந்தது.

அது அவர் கைவேலை. கல்யாணமான புதிதில் உடைந்த மூலையை அவர்தான் அடைத்தார். நிறம் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாயல் பிசகிவிட்டது. சாகிற வரைக்கும் அதைச் சொல்லி அவள் மானத்தை வாங்கினாள்.

போனை இறக்கினார். "வாலு" என்றார். "வாலு, அப்பாவைப் பாரு."

மகள் பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள். நெற்றி மெல்லச் சுருங்கியது.

"வாலு யாரு?"

நாலாவதை நிஜமாவே எழுதிடும். மூணுக்கும் பெரிய பாடு. மைத்துனன் சொன்னதெல்லாம் இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. போனில் ஆப் இன்னும் திறந்திருந்தது. தொண்ணூற்றேழு.

இதற்குத்தான் நேற்று ஏங்கினார். இதையா கேட்டார்? ஒரு கணம், ஒரே கணம், இன்னும் மூன்றுதானே என்று உள்ளே எதுவோ சொன்னது. அந்தக் குரலை மிதித்துக்கொண்டு ஓடினார்.

படிக்கு அடியில் இருட்டு. சூடு முகத்தில் அறைந்தது. நான்கு பச்சை விளக்குகள். எல்லாம் ஒன்றுபோல. ஒரே நாடி. வயரைப் பிடுங்கக் கூடாது. புதுசு. புதுசை மட்டும். ஸ்டிக்கர். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தார். குனிந்தார்.

நான். அத்தான். அக்கா.

மூன்றாவது. அக்கா. மைத்துனன் எந்த ட்ரேயில் போட்டான் என்பது நினைவுக்கு வரவில்லை, ஸ்டிக்கரைத்தான் நம்ப வேண்டும்.

கூடத்தில் மூக்கால் இழுத்த ராகம் உரத்தது. பிடியை அழுத்தினார். உருவினார். பழகிய கை. ஒரே இழுப்பு. வேரோடு வந்தது.

ராகம் நின்றது.

பெட்டியும் நின்றது. ரெண்டு நாளாகத் தாடைக்குள் இருந்த அரவை அற்றுப்போனதும் காது வலித்தது. நான்கு விளக்கும் இல்லை. மழை மட்டும்.

முதலில் உறைத்தது கை. ட்ரேயைப் பிடித்திருந்தது இடது கை.

அப்புறம் கனம். புது டிஸ்க் இவ்வளவு கனக்காது. காய்ச்சல் கண்ட நெற்றிபோலக் கொதித்தது. வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மேலே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு வால். சுருண்ட வால்.

"ஸ்டிக்கர் எல்லாம் உதிர்ந்து கிடந்துச்சு. ஒட்டிட்டேன்." அதைச் சொன்னது யார்?

"வாலு?"



செருப்புச் சத்தம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, அவர் மனைவி நடக்கிற மாதிரியே. கூடத்தின் ஒரு கோடியிலிருந்து சோபா வரைக்கும். அப்புறம் சோபாவின் ஸ்பிரிங், ஒரு முழு ஆளின் கனத்துக்கு முனகியது.

டக். டக்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார்.

டிவியில் ஒன்றும் ஓடவில்லை. சோபாவில் அவருக்கு முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில், காலையில் வாலு போட்டிருந்த மஞ்சள் கவுன். ஓரங்கள் உள்ளே போகும்படி அதை மூன்றாக மடித்தாள். நிதானமாக. மேலே உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். 'சா' விசிலடித்துக்கொண்டு வந்தது.

மேல் வரிசையில், பால்பல் அளவுக்கு ஓர் ஓட்டை.