பார்த்தவர் கையெழுத்து

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஓசூரில் ஒரு மழை பெய்தது. பஸ் ஸ்டாண்டில் நின்ற தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்குள் ஒரு கெண்டை மீன் நீந்தி ஏறியது, கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். அதே மழையில் திம்மராயன் ஜோதிமணி மீது மோதியதை மட்டும் நம்பினால் போதும்.

திம்மராயன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, இரும்பு உருளைகளை நூல் பிசகாமல் அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டிலோடு ஓடி வந்தான். எதிரே ஒரு குடை வந்தது. குடைக்கம்பி அவன் காதைக் கிள்ள, பாட்டில் துள்ளி உடைந்து, உள்ளே இருந்தது பாதி அவள் புடவைக் கொசுவத்திலும் மீதி தரையிலுமாகக் கொட்டியது.

குடைக்கு அடியில் இரண்டு கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? என்னது இது, மருந்தா?"

"இல்லீங்க... ஒண்ணுக்குங்க."

"என்னது?"

"என்னோடது இல்லீங்க! அக்கா பொண்ணோடது."

முதல் சந்திப்பில் பன்னீர் தெளிப்பவர்கள் உண்டு. திம்மராயனுக்குக் கிடைத்தது இதுதான்.

அவள் கத்தவில்லை. "எந்த லேபுக்குக் கொண்டு போறீங்க?" என்றாள்.

"தாலுகா ஆபீஸ் பக்கத்துல, டாக்டர் பரமசிவம் கிளினிக்குக்குக் கீழே..."

"அங்க டெஸ்ட் பண்றதே நான்தான். வேற எடுத்துட்டு வாங்க."

"அதாங்க கஷ்டம். நேத்துலேர்ந்து அவ போனதே அவ்வளவுதான்."

அவள் முகம் மாறியது. "அப்போ பாட்டில் வேண்டாம். குழந்தையையே தூக்கிட்டு வாங்க. ஓடுங்க!"

சம்பங்கிக்கு ஆறு வயது. இமைகள் வீங்கி, கன்னங்கள் பேக்கரி பன் மாதிரி உப்பியிருந்தன. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் இரண்டு வாரமாக, "மகு எஷ்டு சென்னாகிதே!" (குழந்தை எவ்வளவு அழகா இருக்கு!) என்று கன்னடத்தில் மெச்சி, தினமும் திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜோதிமணி மெச்சவில்லை. குழந்தையின் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

இரண்டு மணி நேரம் காத்திருந்து நாலு ஸ்பூன் கிடைத்தது. கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாதியைச் சூடாக்கி, இரண்டு சொட்டு அமிலம் விட்டாள். அவித்த முட்டையின் வெள்ளை போல உறைந்துவிட்டது.

"நாலு பிளஸ்," என்றாள் மெதுவாக.

மாடியில் டாக்டர் பரமசிவம் சுருக்கமாகச் சொன்னார். "ரத்தத்துல இருக்கற புரதம் சிறுநீரகம் வழியா ஒழுகுது. அதான் வீக்கம். உப்பைக் குறைங்க. மாத்திரைக்குக் கேட்கும். ஆனா திரும்பத் திரும்ப வர்ற நோய் இது. தினம் காலையில வீட்டுலயே சூடு பண்ணிப் பார்த்து நோட்டுல எழுதணும். மூணு நாள் தொடர்ந்து மூணு பிளஸ் வந்தா உடனே வரணும். கவனிக்காம விட்டா வயித்துல சீழ் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து."

அக்கா ராஜாத்தி விடியுமுன் ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் லாரியோடு பம்பாய்ப் பக்கம். இரண்டாவது ஷிப்டுக்காரன் திம்மராயன்தான் காலையில் வீட்டில் இருப்பவன்.

ஜோதிமணி குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றிக் கற்றுக்கொடுத்தாள். "பின்னால நியூஸ் பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க. எழுத்து பளிச்சுனு தெரிஞ்சா 'இல்லை'னு எழுதணும். மங்கலாத் தெரிஞ்சா ஒரு பிளஸ். எழுத்தே தெரியலைன்னா ரெண்டுக்கு மேல. இப்போ என்ன தெரியுது?"

"ரெண்டு கண்ணு தெரியுதுங்க..."

"பேப்பரைப் பாருங்க!"

"பேப்பர்ல இவ்வளவு தெளிவா அச்சடிக்கறதில்லீங்களே..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. லேபில் சிரிக்கக் கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

அடுத்த சனிக்கிழமை அவன் கொண்டு வந்த நோட்டைப் பார்த்ததும் அந்தச் சட்டம் உடைந்தது. கம்பெனி ஷீட் மாதிரியே கோடு போட்டிருந்தான். தேதி, நேரம், அளவு, பார்த்தவர் கையெழுத்து.

"பார்க்கறது நீங்க ஒருத்தர்தானே? எதுக்குத் தினம் ஒரு கையெழுத்து?"

"நாளைக்கு ஏதாவது தப்பானா யாரைப் பிடிக்கறதுன்னு தெரியணுங்களே."

நாலு பிளஸ் மூன்றாகி, இரண்டாகி, பதினோராம் நாள் 'இல்லை' ஆனது. வீக்கம் வடிந்து, சம்பங்கிக்கு ஒரு முகம் இருப்பது தெரிந்தது. "குழந்தை இளைச்சுப் போச்சே" என்று வெங்கடம்மாள் அழுதாள். அப்புறம் மாத்திரையின் வேகத்தில் கன்னம் மறுபடி உருண்டது. வெங்கடம்மாள் மறுபடி திருஷ்டி சுற்றினாள். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. சனிக்கிழமைகள் மட்டும் நாளாக ஆக நீண்டுகொண்டே போயின... ஒரு நோட்டைச் சரிபார்க்க ஒன்றே கால் மணி நேரம்!

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. குழந்தையோடும் அன்றைய பாட்டிலோடும் வந்தவன் நோட்டை நீட்டினான். ஜோதிமணி புன்னகையோடு புரட்டினாள். புன்னகை பாதியில் நின்றது.

"இன்னைக்குக் கிழமை என்னங்க?"

"சனி..."

"திங்கட்கிழமை ஒண்ணுக்கு உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

நோட்டில் திங்கள் வரை 'இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது.

"அது வந்துங்க... கம்பெனியில மிஷின் ஒரே மாதிரி ஓடுச்சுன்னா, ஷீட்டை ரெண்டு நாளைக்கு முன்கூட்டியே..."

"சம்பங்கி மிஷினா?"

"மாமா நாலு நாளா குட்டி அடுப்பே பத்த வைக்கலைக்கா," என்றாள் சம்பங்கி, ஸ்பிரிட் விளக்கைக் காட்டி.

ஜோதிமணி அன்றைய பாட்டிலிலிருந்து குழாயில் ஊற்றிச் சூடாக்கினாள். மேல்பாதி வெள்ளையாகத் திரிந்தது. மூன்று பிளஸ். சளி பிடித்திருந்த குழந்தையின் இமையை இப்போதுதான் திம்மராயன் சரியாகப் பார்த்தான். லேசாக வீங்கியிருந்தது. அரை நூல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, மடியில் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை...

"மேலே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். "இனிமே சனிக்கிழமை உங்க அக்காவை அனுப்புங்க. உங்க கையெழுத்தை நம்பி நான் பேச முடியாது."

தினசரி மாத்திரை மறுபடி ஆரம்பமானது. சனிக்கிழமைகளில் ராஜாத்தி வந்தாள். நோட்டு மட்டும் அவன் எழுத்தில்தான் இருந்தது. புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது: 'குழாய் வழியாகப் படித்தது'.

முதல் நாட்களில் அந்தக் கட்டம் காலி, எழுத்தே தெரியவில்லை. பிறகு, 'காலை 6.10. ஒரு பிளஸ். "யானை" என்ற சொல் மட்டும்.' பிறகு, 'காலை 6.05. இல்லை. "தேன்கனிக்கோட்டை அருகே யானைகள் ராகி வயலில் புகுந்தன".' இன்னொரு நாள், 'இல்லை. "வேப்பனப்பள்ளியில் மாங்காய் வரத்து அதிகம்".'

அன்றைய பேப்பரை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு சொல் பிசகவில்லை. சோதனைக்காகத்தான் பார்த்தாள்... அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் வாரம் முழுக்க, இந்த வாரம் என்ன படித்திருப்பான் என்று ஏன் தோன்ற வேண்டும்? ஒன்றே கால் மணி நேரமும் ஏன் இப்படிக் காலியாகக் கிடக்க வேண்டும்?

சித்திரையில், மாங்காயை உதிர்க்கிற கோடை மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, அறுபத்து மூன்றாவது 'இல்லை'யைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டத்தில் ஒரே ஒரு சொல். 'ஜோதிமணி'.

"இது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?" என்றாள், குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு.

"எந்தப் பேப்பரும் இல்ல கண்ணு," என்றாள் ராஜாத்தி. "அவனே ஒரு காகிதத்துல எழுதி, குழாய்க்குப் பின்னால வெச்சிக்கிட்டு அரை மணி நேரம் பார்த்துட்டிருந்தான். இங்க வரணும்னு வேலைக்கு லீவு போட்டிருந்த நானே பார்த்துப் பயந்துட்டேன். போ, நீயே கேளு. எதிர்க்கடை வாசல்ல மூணு மாசமா சனிக்கிழமை தவறாம நிக்கிறான்."

ஜோதிமணி வாசலுக்கு வந்தாள். குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றவனைக் கை காட்டிக் கூப்பிட்டாள். ஓடி வந்தவன், மோதிவிடாமல் ஒரு முழம் தள்ளியே நின்றான்.

"நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"தெரிஞ்சதைத்தாங்க எழுதினேன். தெளிவா தெரிஞ்சது... முன்கூட்டி எழுதலீங்க. ஐப்பசியிலேர்ந்தே எழுத வேண்டியதுங்க, தைரியம் வரலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவள் உள்ளே போனாள், அவனும் பின்னால் வந்தான். மேஜை முன் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். வைகாசி, ஆனி, ஆடி... அவன் கோடு போட்டு வைத்த வெறும் பக்கங்கள் வரிசையாகப் போயின. ஆடி தாண்டி முகூர்த்தங்கள் வருகிற ஆவணியில், பத்தாம் தேதியில் நிறுத்தி, பேனாவைத் திறந்து, 'பார்த்தவர்' கட்டத்தில் 'ஜோதிமணி' என்று கையெழுத்துப் போட்டாள். பதினொன்றுக்கும் போட்டாள். பன்னிரண்டுக்கும்...

"மேடம்!" என்று திம்மராயன் பதறினான். "முன்கூட்டியே எழுதக் கூடாதுன்னு நீங்கதானே பக்கத்தைக் கிழிச்சீங்க?"

அவள் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"ரிசல்ட்டைத்தான் முன்கூட்டி எழுதக் கூடாது. காலையில எந்திரிச்சு யார் பார்க்கப் போறாங்கன்னு எழுதலாம்."