ரசமட்டத்துக் குமிழ்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்குப் பிறகு உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கூடுவாஞ்சேரியில் பிரிட்டோ ஆள் வைக்காமல் தன் வீட்டுப் பின்பக்கம் பேவர் பிளாக் பதிக்கும் வரை. பன்னிரண்டுக்குப் பத்தடி. பதினொரு யூடியூப் வீடியோ, ஒரு ரப்பர் சுத்தியல், தரை சமமா என்று பார்க்க ஒரு ரசமட்டம். இதை அவன் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. வரலாற்றுக் குறிப்பாகத்தான் சொன்னான்.

ஞாயிறு மதியம் கடைசிக் கல்லையும் தட்டி, இடுக்குகளில் மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு, நடுவில் வைத்திருந்த ரசமட்டத்தை எடுக்கக் குனிந்தபோது அதற்குள்ளிருந்த காற்றுக் குமிழ் நகர்ந்தது. இடப்பக்கம் போய் நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்டமாதிரி, மெதுவாக வலப்பக்கம் வந்தது.

அவனுக்கு மட்டத்தின் மேல் சந்தேகம் வந்தது. தன் மேல் வரவில்லை.

ஜன்னலுக்குள்ளே அவன் மனைவி ஜான்சி இருமினாள். அவளுக்கு வீசிங், மண்ணைத் தோண்டிய நாளிலிருந்து அதிகம்.

"முடிஞ்சிதாப்பா?"

"முடிஞ்சிது. சாயங்காலம் இங்க சேர் போட்டு நீ காத்து வாங்கப் போற. அதுக்குத்தான இவ்ளோ வேலை."

தோண்டும்போது வட்டமாக ஒரு செங்கல் வரிசை தட்டுப்பட்டிருந்தது. லேஅவுட் போட்ட காலத்தில் யாரோ மூடின வயல் கிணறு. மணல் இறக்கக் குட்டியானை வண்டியில் வந்த தனசிங் அதைப் பார்த்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு பிவிசி பைப்பை எடுத்துக் கீழே வைத்தான்.

"சார், கெணறு கீது. பைப் ஒண்ணு மேல வுட்டுட்டு மூடு. அது மூச்சு வுடணும். இல்லாங்காட்டி வூட்டுக்குள்ள இருந்து இழுத்துக்கும்."

"பைப் மட்டும் போதுமா தனசிங்? நான் முட்டி போட்டு, வாய் வெச்சு ஊதவும் செய்யணுமா?"

தனசிங் சிரிக்கவில்லை. "அது வரைக்கும் வுடாத சார்."

பிரிட்டோ அந்தப் பைப்பை மணலைச் சமமாக இழுக்கப் பயன்படுத்திக்கொண்டு சுவரோரம் சாய்த்துவைத்தான். இன்ஜினியரிங் படித்தவன் வேறென்ன செய்வான்.

குமிழ் மறுபடி இடப்பக்கம் போனது. கூடவே, கூட்டித் தள்ளிய மணல் எல்லா இடுக்குகளிலும் ஒரே நேரத்தில் சரசரவென்று கீழே இறங்க, ஜிஎஸ்டி ரோட்டின் ஹாரன்களும் தாம்பரம் போகிற ரயிலின் தடதடப்பும் போர்வைக்குள் சுருட்டியதுபோல் மங்க, கொடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டி, ஓர் இலைகூட அசையாத வெயிலில், தரையைப் பார்த்து நீண்டு விறைத்தது. குமிழ் வலப்பக்கம் வந்தது. மணல் இடுக்குகளில் பொங்கி மேலே வந்தது. ஈரமாக. பாசி நாற்றத்தோடு.

உள்ளே. வெளியே.

ஜான்சியின் மூச்சு விசிலடித்தது. குமிழ் இடப்பக்கம் போனபோது அந்த விசில் நின்றது. வலப்பக்கம் வந்ததும் தொடர்ந்தது.

"ஜான்சி, இன்ஹேலர் அடி."

"அடிச்சிட்டேம்ப்பா. உள்ள போவல."

குமிழ் இடப்பக்கம் போனது. திரும்பவில்லை.

அவன் பின்கதவுக்கு ஓடினான். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வரவில்லை. உள்ளேயிருந்து ஏதோ உறிஞ்சிப் பிடித்திருந்தது. இழுத்தான். உதைத்தான். போன் உள்ளே சார்ஜில் இருந்தது. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினான். குரல் வாயைவிட்டு இறங்கி, கல் இடுக்குகளுக்குள் போய்விட்டது.

ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள். நகங்கள் நீலம்.

பைப்.

நடுக்கல்லை நெம்பினான். அவ்வளவு இறுக்கமாகப் பதித்திருந்தான். அவன் நகம் பெயர்ந்தது. பிறகு கல் பெயர்ந்தது. பைப்பைச் செருகினான். ஒரு முழம். இரண்டு முழம். அதற்கப்புறம் மண் இல்லை. எதுவும் இல்லை.

குமிழ் அசையவில்லை. ஜான்சியும்.

பிரிட்டோ முட்டி போட்டான். வாய் வைத்தான். ஊதினான்.

ஜன்னலில் அவள் நெஞ்சு எழுந்தது.

நிறுத்தினான். தாழ்ந்தது. காத்திருந்தான். எழவில்லை.

ஊதினான். எழுந்தது.

வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. அவள் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் ஊதினான். ஒவ்வொரு முறையும் கீழேயிருந்து அது, அவன் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக, இழுத்துக்கொண்டது.