தில்லைநாயகத்தின் ஒன்பதாம் நூல்

செவ்வாய்க் கோளின் செங்குன்றம் குடியிருப்பில், விடிந்ததும் ஒவ்வொரு வாசல் பலகையிலும் அந்த வீட்டார் முந்தின நாள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பது ஒளிரும். காதுக்குப் பின்னால் பதித்த வாசிப்புமானி கண்ணின் ஓட்டத்தை அளந்து அனுப்பிவிடும்; பொய் சொல்ல வழியில்லை. பொருளாதார வித்தகர் தில்லைநாயகத்தின் பலகையில் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே எண்தான்: சுழியம்.

அதனால் அவர் புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை. எட்டு நூல்களின் ஆசிரியர் அவர். தனியார்மயமே கதி என்று ஒரு நூல் வந்தபோது ஒரு கட்சியில் இருந்தார். அரசுடைமையே கதி என்று அடுத்தது வந்தபோது எதிர்க்கட்சியில். எல்லாவற்றையும் எழுதியது எழுதுபொறி. ஆளுக்கு இவ்வளவு என்று காற்றை அளந்து கொடுக்கும் அந்தக் குடியிருப்பில், எட்டாம் நூலின் சிக்கன யோசனையால் குழந்தைகள் விளையாடுவதற்கான காற்று நிறுத்தப்பட்டது. அவருடைய செயலாளர் வேல்விழியின் மகளுக்கு வயது ஆறு. அவள் இதுவரை ஓடியதே இல்லை.

இப்போது ஒன்பதாவது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். கூடவே அவர் நிதியமைச்சராகவும் போகிறார். செங்குன்றத்தில் நிதியமைச்சர் பதவியேற்கும் நொடியே அவருடைய நூல் சட்டமாகிவிடும். ஒரே நிபந்தனை, யாராவது ஒரு மனிதர் அதை முழுக்கப் படித்திருக்க வேண்டும். பின்னால் அதை நீக்குவதானால், முழுக்கப் படித்த அவை உறுப்பினரால்தான் முடியும்.

வெளியீட்டு விழாவில் நான்கு உறுப்பினர்கள் பொன்னாடை போர்த்தி, "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்றார்கள். மறுநாள் நான்கு பலகையிலும் சுழியம். யாரும் வெட்கப்படவில்லை.

"ஏம்மா, நீயே படிச்சிடேன். நாளன்னைக்குப் பதவியேற்பு," என்றார் தில்லைநாயகம்.

வேல்விழி படிக்கத் தொடங்கினாள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குடியிருப்பில் காற்று எங்கே வீணாகிறது என்று எழுதுபொறி கணக்குப் போட்டிருந்தது. மேடைப் பேச்சில். ஆகவே அவை உறுப்பினர்களின் காற்றில் பாதியைக் குழந்தைகளுக்கு மாற்ற வேண்டும்.

பதவியேற்பு அன்று காலை, ஒரு பக்கம் பாக்கி வைத்துவிட்டு அவரிடம் போனாள். பதினெட்டு ஆண்டு தின்ற சோறு கொஞ்சம் உறுத்தியது.

"ஐயா, அறுநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை மட்டும் ஒருதடவை பாத்துடுங்களேன்."

"நான் எழுதினத நானே படிக்கணுமா? வேற வேலை இல்ல எனக்கு?"

"அப்புறம் என்மேல கோவப்படக் கூடாது."

"நீ கடைசிப் பக்கத்த முடிம்மா மொதல்ல."

அவர் கண்ணெதிரிலேயே முடித்தாள்.

பதவியேற்று ஏற்புரை தொடங்கிய நான்காம் நிமிடம் தில்லைநாயகத்துக்கு மூச்சு முட்டியது. வாழ்த்த எழுந்த நான்கு பேரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அவருடைய உரைகளிலேயே இதுதான் சிறந்தது என்று கூட்டம் கைதட்டியது. வெளியே கூடத்தில் வேல்விழியின் மகள் முதன்முறையாக ஓடி, நிற்கத் தெரியாமல் சுவரில் மோதிச் சிரித்தாள்.

பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சட்டத்தை நீக்க ஒருவராவது நூலைப் படித்தாக வேண்டுமே. உறுப்பினர்களில் முன்னுரையைத் தாண்டியவர் இல்லை. மூச்சு வாங்க வாங்க விவாதித்து, அதை எப்படிப் படிப்பது என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழு முந்நூறு பக்க அறிக்கை கொடுத்தது.

அதற்கும் வெளியீட்டு விழா நடந்தது. நான்கு பொன்னாடை. பலகைகளில் சுழியம்.